உள்ளங்கைச் சீனி

அம்மாவுக்குத் தேத்தண்ணியில் சீனியைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தால் பிடிக்காது. வெறும் தேயிலைச் சாயத்தைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்து, சீனியை அவள் உள்ளங்கையில் வைக்க வேண்டும். நாக்கால் சீனியைத் தொட்டுக்கொண்டு, மேலே ஒரு மிடறு சாயம். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெரியவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் குடிக்கிறார்கள். சீனியை மிச்சம் பிடிக்க யாரோ எப்போதோ ஆரம்பித்திருப்பார்கள், பிறகு அதுவே ருசியாகிவிட்டது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இஸ்ஸதீன் சார், அம்மாவின் உள்ளங்கையில் எதை வைத்தாலும் அவள் பார்க்காமல் வாய்க்குக் கொண்டுபோவாள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். குறிப்பாக நான் வைத்தால்.

என் வாக்குமூலத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் சிங்களத்தில் எழுதுகிறீர்கள். சிரமம்தான். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாகவே சொல்கிறேன். வந்ததும் அன்பு என்று நான் சொன்ன இடத்தில் பேனாவைக் கொஞ்சம் நிறுத்தினீர்கள். பரவாயில்லை. எங்கள் வீட்டிலும் அந்தச் சொல்லை யாரும் எடுத்துப் புழங்கியதில்லை.

என் பெயர் லோஜன். ஹட்டன் பக்கம் ஒரு கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். அங்கே சுவர்ப் பத்திரிகையில் கிண்டல் எழுதுகிறவன் நான்தான். விடுதிப் பருப்புக்கு நான் எழுதிய இரங்கல் குறிப்பைப் படித்துவிட்டு விடுதிப் பொறுப்பாளரே வந்து ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். அடுத்த நாளும் அதே பருப்புதான். கிண்டல் எழுதுகிறவன் சொல்வதை நம்பலாமா என்று நீங்கள் யோசிக்கலாம். நம்பலாம். கிண்டல்காரனுக்குத் தேவையானது ஒன்றுதான், முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். அது எனக்குப் பின்னால் உதவியது.

எல்லாம் ஒரு பயிற்சிப் பட்டறையில் ஆரம்பித்தது. கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்து, மண்டபத்தில் எங்களை வட்டமாக உட்கார வைத்தது. மனிதர்கள் அன்பைக் காட்டுகிற வழிகளை ஒரு பெண்மணி வண்ணத் தாள்களில் எழுதி ஒட்டினார். சிலர் வார்த்தையால் காட்டுவார்களாம். சிலர் பரிசு கொடுப்பார்களாம். சிலர் தொட்டுப் பேசுவார்களாம். ஒருவர் காட்டுகிற வழியும் மற்றவர் எதிர்பார்க்கிற வழியும் வேறாக இருந்தால், அன்பு இருந்தும் போய்ச் சேராதாம். தின்ன ஒரு பணிஸும் பால் பாக்கெட்டும் கொடுத்தார்கள். கூடவே ஒரு வீட்டுப்பாடம்: இந்த வாரம் வீட்டுக்குப் போய், உங்களுக்குப் பிடித்தவரிடம் உங்கள் அன்பை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நான் போனேன். அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு ஒம் மேல ரொம்ப அன்பும்மா."

அம்மா மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

"காச்சல் ஒண்ணும் இல்லியே" என்றாள். "ஆத்துல குளிச்சியா? கொத்தமல்லி போட்டுத் தரவா?"

இதை நான் சுவர்ப் பத்திரிகையில் எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் புறங்கையை நான் மறக்கவில்லை. சின்ன வயதில் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது அம்மா மலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். எங்கள் ஊரில் மலை என்றால் கொழுந்து பறிக்கிற இடம். அம்மா தானாக வேலையை விட்டு வீட்டில் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். அப்பா வீரய்யா செத்தபோதுகூட எட்டாம் நாள் சடங்கு கும்பிட்ட கையோடு கூடையை எடுத்துக்கொண்டு போனவள். எனக்காக உட்கார்ந்தாள். ஈரத் துணி போட்டாள். தலையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் காய்ச்சல் இறங்கியபோது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆக எனக்குப் புரிந்த விதத்தில், எங்கள் வீட்டில் அன்பு நோயாளியிடம்தான் போய்ச் சேரும். ஒருவர் படுக்க வேண்டும், ஒருவர் பார்க்க வேண்டும். வண்ணத் தாள்களில் இந்த வழி இல்லை.

அம்மாவிடம் வேறு வழிகளும் இருந்தன, மறைக்க விரும்பவில்லை. பக்கத்துக் காம்பராவில், ஒரு சுவர் தாண்டி, ராசம்மா சித்தி இருக்கிறார். மலையில் அம்மாவுக்கு அடுத்த தேயிலை நிரை அவருடையது. அன்றைக்குச் சொன்ன கிலோவுக்குக் கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர் விழும், குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். சித்திக்கு இடுப்பு வலி வருகிற நாளில் அம்மா தன் நிரையிலிருந்து எட்டிப் பிடி பிடியாகக் கொழுந்தைச் சித்தியின் கூடையில் போடுவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். சித்தியும் நன்றி சொல்ல மாட்டார். "ஏன்டி, ஒனக்குக் கை நெறஞ்சு வழியுதா?" என்று கேட்பார். அதற்கு அம்மா, "ஆமா, வழியுது, மூடிக்கிட்டு வாங்கு" என்பாள்.

எனக்கு என்ன செய்தாள் என்று கேட்டீர்கள். நான் சாப்பிட்டு முடிக்காமல் அவள் சாப்பிட மாட்டாள். பஸ் பிந்தி, மழையில் நனைந்து, மற்ற வீடுகளில் எல்லாம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு வந்தாலும், அம்மாவின் சோற்றுக் கோப்பை காலியாக, காய்ந்து இருக்கும். நான் விடுதியில் இருக்கும் நாட்களில் சாயங்காலம் போன் எடுத்து ஒரே கேள்விதான் கேட்பாள். "தின்னுட்டியா?" தின்றுவிட்டேன் என்றால் வைத்துவிடுவாள். அதன் பிறகுதான் அவள் தட்டு எடுப்பாள் என்று ராசம்மா சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் இதை நான் அப்போது அன்பில் சேர்க்கவில்லை. தினமும் பெய்கிற மழையை யாரும் விசேஷமாகப் பார்ப்பதில்லையே.

அதன் பிறகு அக்காவின் போன் வந்தது.

பிரேமினி அக்கா கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருக்கிறாள். அத்தான் கஜேந்திரனுக்கு அங்கே கடையில் வேலை. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து அக்காவுக்குக் குழந்தை தங்கியிருந்தது. அம்மா வந்து கூட இருக்க வேண்டும், பிறந்து நடக்கிற வரைக்கும் இருந்தாலும் நல்லது என்றாள். அம்மா போனை வைத்த அடுத்த நிமிடம் பிரசவத்துக்கான காயச் சரக்கு வாங்க டவுனுக்குக் கிளம்பிவிட்டாள். இஞ்சியைக் காய வைத்தாள், மிளகை வறுத்தாள், உரலில் இடித்தாள். பழைய சேலைகளைக் கிழித்துத் துவைத்துக் குழந்தைக்குத் துணி அடுக்கினாள். லயம் முழுக்கத் திப்பிலி வாசம். உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் எங்கம்மா சாப்பிடுறது?" என்று கேட்டேன்.

"ஒனக்குத்தான் விடுதி இருக்கே. லீவுக்கு வந்தா ராசம்மா ரெண்டு ரொட்டி சேத்துச் சுடுவா. எரும மாடு மாதிரி வளந்துட்டு, கேள்வியப் பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். போகாதே என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் இரண்டாவது தடவை கேட்கிறீர்கள், சார். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பேசுகிற பழக்கம் இல்லை. சொல்லியிருந்தால் மறுபடியும் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்திருப்பாள்.

அம்மாவுக்குப் பிரசர் இருந்தது. ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொடுக்கிற மாத்திரைப் பாக்கெட்டில் எழுதியிருப்பதை அவளால் வாசிக்க முடியாது. அதனால் பிரித்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. நான் விடுதியில் இருக்கிற நாட்களுக்கும் சேர்த்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்து வைத்துவிட்டுப் போவேன். இருக்கிற நாட்களில் சாயங்காலத் தேத்தண்ணியோடு நானே கொடுப்பேன். இடது உள்ளங்கையில் சீனி, வலது உள்ளங்கையில் மாத்திரை.

முந்தின வருடம் மண் சரிந்து ரோடு மூடிப்போனதில் கிளினிக் போக முடியாமல் மாத்திரை தீர்ந்துவிட்டது. அம்மாவுக்குத் தலை சுற்றியது. எழுந்திருக்க முடியவில்லை. நான் கஞ்சி வைத்தேன், தலைக்கு எண்ணெய் தேய்த்தேன். ரோடு திறந்ததும் மாத்திரை வாங்கி வந்தேன். நன்றாக எழுந்து நடமாடிய பிறகு அம்மா ஒரு நாள், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "நீ இருந்ததாலதான்டா பொழச்சேன்" என்றாள்.

அவள் வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே வாக்கியம் அது. அதை இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டேன். என் காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமென்றால் என்னிடம் இல்லை.

டவுன் பார்மசியில் விட்டமின் மாத்திரை வாங்கினேன். நல்ல மாத்திரை, சார், உடம்புக்குக் கெடுதல் இல்லாதது. கிளினிக் மாத்திரைக்குப் பதிலாக அதைப் பொட்டலத்தில் மடித்தேன்.

"என்னாடா, நெறம் மாறியிருக்கு?" என்று அம்மா முதல் நாள் மட்டும் கேட்டாள்.

"கிளினிக்குல மாத்திட்டாங்க. இது புதுசு, நல்லதாம்."

"அப்ப சரி" என்று விழுங்கிவிட்டுச் சீனியை நக்கினாள்.

நான் நினைத்தது ஒரு சின்னத் தலைசுற்றல். பயணம் தள்ளிப்போகிற அளவுக்கு. கல்லூரியிலும் படிப்பு லீவு விட்டிருந்தார்கள். நினைத்தது போலவே நடந்தது. தலைவலி வந்தது, பிறகு சுற்றல். அம்மா சில நாள் மலைக்குப் போனாள், சில நாள் படுத்தாள். அக்காவிடம் போனில், கொஞ்சம் தள்ளி வருகிறேன் என்றாள். நான் கஞ்சி வைத்தேன். வெந்நீர் போட்டேன். தலையை மடியில் வைத்து நெற்றிப் பொட்டை அழுத்திவிட்டேன். கூரைத் தகரத்தில் மழை அடிக்கும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் மேல, ஆங், அங்கதான்" என்பாள். என் வாழ்நாளில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் இவற்றைத்தான் சொல்வேன்.

ராசம்மா சித்தி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏன்டி வேலாயி, ஒம் மகன எனக்கு மருமகளா அனுப்புடி. நானும் காலாட்டிக்கிட்டுப் படுத்துக்கிறேன்" என்றார்.

"போடி, எம் மகன் படிச்சவன். ஒங் காலுக்கு எண்ண தேய்க்கவா பெத்தேன்?" என்றாள் அம்மா. பெருமையாகத்தான் சொன்னாள். நான் கவனித்தேன்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "மாத்தர போட்டும் ஏன்டா இப்பிடிச் சுத்துது?"

"மலையில பனிம்மா. எல்லாருக்கும் இப்ப அப்படித்தான்."

முகத்தை அசையாமல் வைத்திருப்பது பற்றிச் சொன்னேன் அல்லவா.

ஆனால் அம்மா நான் எதிர்பார்த்த மாதிரியான நோயாளி இல்லை. அக்காவுக்கு நாள் நெருங்கியது. ஒரு காலையில் அம்மா எழுந்து பையைக் கட்டினாள். வருகிற வாரம் கட்டாயம் போகிறேன் என்றாள். முடியாதே, தலை சுற்றுகிறதே என்றேன்.

"சுத்துனா அங்கயும் சுத்தட்டும். இங்க சுத்துறது அங்க சுத்தப்போவுது, அவ்வளவுதானே. புள்ளத்தாச்சி தனியா கெடக்கா."

இந்த இடத்தில் நான் சரியான மாத்திரைக்குத் திரும்பியிருக்கலாம். அது எனக்குத் தெரிந்திருந்தது. அறியாமல் செய்தேன் என்று எழுதி என்னைக் காப்பாற்ற வேண்டாம். அன்று சாயங்காலம் பொட்டலத்தைப் பிரித்து, கையில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு அதே விட்டமினை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். இன்னும் கொஞ்சம் சுற்றினால் போதும், பையை அவிழ்த்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஊருக்குப் போவதற்கு முன் கடைசியாக ஒரு நாள் வேலை செய்துவிட்டு வருகிறேன் என்று மலைக்குப் போனாள். நிரையின் நடுவில், சரிவில், விழுந்தாள். கங்காணி ஓடி வந்தார். பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து விரித்து, அம்மாவை அதில் கிடத்தி, நாலு பக்கமும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். நான் கீழே ரோட்டில் நின்று பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அம்மாவின் கூடையில் கால் பங்குதான் கொழுந்து இருந்தது. ராசம்மா சித்தியும் மற்றப் பெண்களும் ஆளுக்குப் பிடி பிடியாகப் போட்டு அதை நிறைத்துக் கொண்டுபோய் எடை நிறுத்தார்கள். வேலாயிக்கு அன்று முழுப் பேர் விழுந்தது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தவளுக்கு அந்தச் சம்பளத்தால் என்ன பிரயோசனம் என்று நான் சித்தியிடம் கேட்டேன். சித்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவளுக்கு வேற என்னாத்தடா நாங்க குடுக்க?" என்றார். வண்ணத் தாள் ஒட்டிய பெண்மணி இதைப் பார்த்திருக்க வேண்டும்.

உயிர் தங்கியது. வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. கண்ணும் காதும் புத்தியும் தெளிவாக இருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். நல்ல செய்தி மாதிரிதான் சொன்னார். நான் படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லயமே என்னைப் பற்றிப் பேசியது. மாரியம்மன் கோயிலில் மைக்கில் என் பெயரைச் சொல்லி, பிள்ளை என்றால் இவன்தான் பிள்ளை என்றார்கள்.

வந்த முதல் நாள் சாயங்காலம் சாயம் ஊற்றினேன். நல்ல கையான இடது கையில் முதலில் மாத்திரையை வைத்தேன். இந்தத் தடவை சரியான மாத்திரை, கிளினிக்கில் அவள் வருடக்கணக்காக வாங்கிய அதே பழைய மாத்திரை. இனி உண்மையாகவே நன்றாகப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

அம்மா வழக்கம்போல வாய்க்குக் கொண்டுபோகவில்லை. உள்ளங்கையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். அந்த மாத்திரையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதுவும் ரொம்ப நேரம்.

பிறகு கையைக் கவிழ்த்துவிட்டாள்.

சீனி வைத்தேன். அதையும் கவிழ்த்தாள். கம்பளி முழுக்கச் சீனி. கை நடுக்கம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அன்றிலிருந்து நான் கரண்டியைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்து, இழுத்த உதட்டையும் இறுக்கி வைத்துக்கொள்வாள். நான் குழாயடிக்குப் போகிற நேரத்தில் சித்தி வந்து ஊட்டினால் ஏதோ கொஞ்சம் இறங்கும். மாத்திரையும் அப்படித்தான். ஆனால் சித்திக்கு மலை வேலை இருக்கிறது. அம்மா மெலிந்தாள். சேலை தோளில் நிற்கவில்லை. அக்கா, நாள் நெருங்கிய வயிற்றோடு, டாக்டர் பேச்சையும் அத்தான் பேச்சையும் கேட்காமல் வான் பிடித்து வந்து இறங்கினாள். அவள் ஒரு கரண்டி கஞ்சியை நீட்டியதும் அம்மா வாயைத் திறந்தாள். கோப்பை காலியாகிற வரைக்கும் திறந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒங் கையால ஏன்டா திங்க மாட்டேங்குது?"

அம்மா இடது கையைத் தூக்கி அலுமாரியின் மேல் தட்டைக் காட்டினாள். அங்கே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அம்மாவுக்குக் கொடுக்காமல் வைத்த கிளினிக் மாத்திரைகள் எல்லாம் அதில்தான் இருந்தன. தூக்கியெறிந்திருக்கலாம். ஆனால் மருந்தை வீணாக்குவது அம்மாவுக்குப் பிடிக்காது. நான் டின்னைத் திறந்து மூடுகிற சத்தத்தை அவள் படுக்கையில் இருந்தபடியே எத்தனை தடவை கேட்டிருப்பாளோ.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். அக்காதான் இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொன்னாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாளாம். அம்மாவை வத்தளைக்குக் கொண்டுபோய்விட்டாள். கடைசியில் அம்மா போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டாள். என்னால் தடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

ஆம், சார், செய்தேன். தெரிந்து செய்தேன். மாத்திரையை மாற்றினேன், அம்மா விழுந்தாள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போடுகிறேன்.

ஆனால் ஒரு இடத்தில் திருத்த வேண்டும். அம்மா என் கையால் சாப்பிட மறுத்தாள் என்று அக்கா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அது மறுப்பு இல்லை. அக்கா வெளியூரில் இருக்கிறவள், அவளுக்கு அம்மாவின் வழி மறந்துவிட்டது. நான் சாப்பிடாமல் அம்மா என்றைக்குச் சாப்பிட்டிருக்கிறாள்? அவள் வாயை மூடியதும் எனக்கு அது விளங்கிவிட்டது. அதனால் ஒவ்வொரு கரண்டியையும் நானே முதலில் சாப்பிட்டுக் காட்டினேன். அப்படியும் அவள் திறக்கவில்லை, இன்னும் போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ. கோப்பை முடிகிற வரைக்கும் நான் சாப்பிடுவேன், அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த நாட்களில் எனக்கு உடம்புகூடக் கொஞ்சம் பூசியது. என்னை அவ்வளவு நேரம் அம்மா பார்த்ததே இல்லை.

வத்தளையில் அம்மா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், பேரப்பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள் என்று சொன்னீர்கள். என் மனதைத் தேற்றுவதற்காகச் சொல்கிறீர்கள், நன்றி. ஆனால் எனக்கு அம்மாவைத் தெரியும். நீங்கள் வாங்கிக் கொடுத்த சோற்றுப் பார்சலை நான் மிச்சமில்லாமல் தின்றுவிட்டேன் என்று மட்டும் ஒரு போன் எடுத்து அவளிடம் சொல்லிவிடுங்கள், சார். பாவம், அதுவரைக்கும் அவள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாள்.